பழைய மென்பொருளுக்காகக் கணினியைக் கழிக்க வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி உள்ள கணினிகளையே ஏற்கிறது. இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் அதன் பட்டியலில் இடம்பெறுகின்றன. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம்மவர் நடத்தும் ஆலய அலுவலகங்கள், சங்கங்கள், சிறு அச்சகங்கள், டியூஷன் நிலையங்கள் ஆகியவற்றில் இன்றும் குறையின்றி உழைத்துக்கொண்டிருக்கும் கணினிகளில் பல இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றிவிட்டால் பாதுகாப்பு மேம்பாடுகள் தொடர்ந்து கிடைக்கும். கணினியும் இன்னும் சில ஆண்டுகள் பயன்படும். இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. ஆனால், "எங்கள் கணக்கு மென்பொருளும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் விண்டோஸுக்காகச் செய்தவை ஆயிற்றே, லினக்ஸில் ஓடாதே" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நின்றுவிடுகிறார்கள். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் உள்ள சில அமைப்புகளுக்குக் கணினிப் பராமரிப்பில் உதவி வருபவன் என்ற முறையில், அந்தக் காரணம் பல இடங்களில் செல்லாது என்பதையும், எங்கே செல்லும் என்பதையும், இந்த விஷயத்தில் நம் சமூகம் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருப்பதையும் தங்கள் நாளிதழின் வழி தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரு மென்பொருள் ஏன் ஓர் இயங்குதளத்தில் ஓடி, மற்றொன்றில் ஓடாமல் போகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் போன்ற கட்டளைகளை மென்பொருள் நேராகச் செயலியிடமே கொடுக்கிறது. நம் அலுவலகக் கணினிகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டிலும் அதே கட்டளைகளைத்தான் அவை நிறைவேற்றுகின்றன. ஆனால் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், திரையில் ஒரு சாளரத்தை வரைய வேண்டும், பிரிண்டருக்கு ஒரு பக்கத்தை அனுப்ப வேண்டும் என்றால் மென்பொருளால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது. இயங்குதளத்திடம் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதற்கு விண்டோஸ் ஒரு முறையை வகுத்திருக்கிறது, லினக்ஸ் வேறொரு முறையை வகுத்திருக்கிறது. நிரல் கோப்பின் அமைப்பும் இரண்டிலும் வேறு. ஆகவே, விண்டோஸ் முறையில் வரும் கேள்விகளை வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் முறையில் மாற்றிக் கேட்டு, கிடைத்த விடையை மீண்டும் விண்டோஸ் முறையில் திருப்பித் தரும் ஓர் அடுக்கு நடுவே இருந்துவிட்டால், மென்பொருள் தான் விண்டோஸில் இருப்பதாகவே எண்ணி வேலை செய்யும்.

ஒயின் என்ற திறமூல மென்பொருள், அதாவது மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள், அத்தகைய அடுக்குதான். 1993இல் தொடங்கிய அந்தப் பணியை 1994 முதல் அலெக்ஸாண்டர் ஜூலியார் வழிநடத்தி வருகிறார். அதன் 1.0 பதிப்பு 2008 ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுகள் பிடித்ததற்குக் காரணம் சோம்பல் அன்று. விண்டோஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் மூலநிரல் வெளியாருக்குக் கிடைக்காத நிலையில், ஒவ்வொரு கேள்விக்கும் விண்டோஸ் என்ன விடை தருகிறது என்பதை வெளியிலிருந்தே சோதித்து, அதே விடையைத் தரும் நிரலை எழுத வேண்டியிருந்தது. உலகெங்கும் உள்ளவர்கள், அவர்களில் பலர் தம் ஓய்வு நேரத்தில், செய்த இந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் ஒயினை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டபின் இதன் வளர்ச்சி பன்மடங்கு கூடியது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் இயங்குவது லினக்ஸ்தான்; அதில் நம் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுகளில் பெரும்பகுதி விண்டோஸுக்காகச் செய்தவை. அவ்வளவு கனமான விளையாட்டுகளே ஓடும்போது, ஓர் ஆலயத்தின் உறுப்பினர் பதிவு மென்பொருள் ஓடாது என்று சோதித்துப் பார்க்காமலே முடிவு கட்டுவது சரியன்று.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் அச்சகத்தில் நான் பார்த்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திருமண அழைப்பிதழ், தைப்பூச அன்னதான அறிவிப்பு, பதினாறாம் நாள் காரிய அட்டை என்று பல ஆண்டுகளாக அடித்துக் கொடுத்தவற்றின் கோப்புகள் எல்லாம் அங்கே ஒரு பழைய தமிழ்ச் சொற்செயலியில் இருந்தன. லினக்ஸ் ஏற்றிய கணினியில் ஒயின் மூலம் அந்தச் சொற்செயலி நிறுவப்பட்டது, திறந்தும் கொண்டது. ஆனால் உள்ளே இருந்த கோப்பைத் திறந்தபோது தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகளே வரிசை வரிசையாக நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்றே அச்சக உரிமையாளர் நினைத்தார். கெடவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், ஐரோப்பிய மொழிகளின் சிறப்பு எழுத்துகளுக்கென ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த இடத்துக்கு உரிய ஐரோப்பிய எழுத்துதான் தெரியும். ஒயின் தனக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் விண்டோஸின் சி டிரைவைப் போன்ற அமைப்பை வைத்திருக்கிறது. அதில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையில் பழைய எழுத்துருக் கோப்புகளை நகலெடுத்துப் போட்டு, சொற்செயலியை மூடித் திறந்ததும் மணமகன், மணமகள் பெயர்கள் முதற்கொண்டு அத்தனையும் தமிழில் வந்து நின்றன. கணினியின் வட்டார அமைப்பு ஆங்கிலமாகவோ மலாயாகவோ இருப்பதும் இங்கே உதவுகிறது. அந்தப் பழைய எழுத்துருக்கள் நம்பியிருக்கும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் 1252 என்ற குறிப்பட்டியலைத்தான் விண்டோஸ் முறையில் அவ்விரு மொழிகளும் பயன்படுத்துகின்றன. ஒயினின் அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டி ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்தால், பின்னர் வேறொரு லினக்ஸ் கணினியிலும் அதே நிலையில் தொடர முடியும் என்பது இன்னொரு வசதி.

புதுக் கணினி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் வராது என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 3.1 காலத்தில் எழுதிய 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோஸில் ஓடுவதே இல்லை. விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64-பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. அதாவது, மூவாயிரம் ரிங்கிட் செலவழித்து வாங்கிய புத்தம் புதிய கணினியிலும் அந்தப் பழைய தமிழ் மென்பொருளைத் திறக்க முடியாது. லினக்ஸில் ஒயின் வழியாக அதே மென்பொருள் ஓடுவதற்கு வாய்ப்பு உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் என்ற தனி மென்பொருள் இருக்கிறது. அது லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் கிடைக்கும்.

எல்லாம் ஓடும் என்று நான் சொல்ல வரவில்லை. கணினியின் பின்புறத் துளையில் செருகும் பூட்டுக் கருவி, அதாவது டோங்கிள், இருந்தால்தான் திறக்கும் மென்பொருள்கள் ஒயினில் பெரும்பாலும் மக்கர் செய்யும். ஒரு குறிப்பிட்ட கருவிக்கான விண்டோஸ் டிரைவரை ஒயினில் நிறுவி அந்தக் கருவியை இயக்கிவிடலாம் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்கேனர், அட்டை படிக்கும் கருவி போன்றவற்றுக்கு லினக்ஸிலேயே ஆதரவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பிரிண்டர் மட்டும் விதிவிலக்கு: லினக்ஸில் அது வேலை செய்தால் ஒயினுக்குள் இருக்கும் மென்பொருளுக்கும் அதுவே கிடைத்துவிடும். ஒயின் திட்டத்தாரின் தளத்தில் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பயனர்கள் சோதித்துப் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். நம் தமிழ் மென்பொருள்கள் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது நாமே சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒயினுக்குள் ஓடும் மென்பொருள் பூட்டிய அறைக்குள் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. வழக்கமான அமைப்பில் இசட் டிரைவ் என்ற பெயரில் கணினியின் மற்றக் கோப்புகளும் அதற்குத் தெரியும். விண்டோஸ் வைரஸ் ஒன்றை அதில் ஓடவிட்டால் பயனரின் கோப்புகளுக்குக் கேடு வரலாம். எனவே, நிர்வாகி உரிமையோடு ஒயினை ஒருபோதும் இயக்கக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிரலையும் அதில் திறக்கக் கூடாது.

ஒயின் கைகொடுக்காத இடத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள் உதவும். அதில் ஒரு முழு விண்டோஸையே ஒரு சாளரத்துக்குள் நிறுவிக்கொள்ளலாம். நினைவகம் 4 ஜிபி மட்டுமே உள்ள கணினிகளில் அது தவழும். 8 ஜிபி இருந்தால் ஓரளவு நிம்மதியாக ஓடும். அந்த உள் விண்டோஸுக்கு முறையான உரிமம் வேண்டும் என்பதையும், ஆதரவு முடிந்துபோன பதிப்பானால் இணைய இணைப்பைத் துண்டித்தே வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊர்க் கணினிக் கடைகள் சிலவற்றில் கேட்காமலேயே கள்ள நகல் ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் ஆலயமோ சங்கமோ அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கலாகாது.

மேக் கணினி வைத்திருப்போரின் நிலை சற்று வேறு. 2020 நவம்பர் முதல் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறிவிட்டதால், அங்கே இயங்குதளம் மட்டுமன்றிச் செயலியின் மொழியும் மாறுகிறது. ரொசெட்டா 2 என்னும் மொழிபெயர்ப்பு அடுக்கு இப்போது அந்த வேலையைச் செய்கிறது. கிராஸ்ஓவர் என்ற பெயரில் விற்கப்படும் ஒயினும் அதன் துணையோடு விண்டோஸ் மென்பொருள்களை இயக்குகிறது. ஆனால் மேக்ஓஎஸ் 27 வரை மட்டுமே ரொசெட்டா பொதுவாகக் கிடைக்கும், அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டுமே இருக்கும் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. மைக்ரோசாப்டும் விண்டோஸ் 11இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி மென்பொருள்களை இயக்கத் தந்த வசதியை 2025 மார்ச் மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஒரு நிறுவனம் தன் வசதிக்காகக் கட்டும் பாலத்தை அதுவே ஒரு நாள் எடுத்துவிடும். ஒயின் போன்ற திறமூலப் பணிக்கு அந்த ஆபத்து குறைவு; ஆனாலும் எந்தப் பாலத்தையும் நம்பி என்றென்றும் நடுவிலேயே குடியிருக்க முடியாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

பழைய மென்பொருளை ஓடவைப்பதால் கிடைப்பது அவகாசம். அந்த அவகாசத்தில், அதனுள் சிறைப்பட்டிருக்கும் தகவல்களை எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். வருமான வரிச் சட்டம் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. பதிவுபெற்ற சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த அறுபது நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். ஆக, பழைய கணக்கு மென்பொருள் திறக்கவில்லை என்பது வெறும் தொழில்நுட்பச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. செயலாளரும் பொருளாளரும் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகிவிடுகிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ ஆகிய பழைய தரவுத்தள மென்பொருள்களில் செய்த பழைய கணக்கு, உறுப்பினர் நிரல்களின் தரவு பொதுவாக டிபிஎஃப் என்ற வகைக் கோப்புகளில் இருக்கும். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பின் விரிதாள் மென்பொருள் அவற்றை நேராகவே திறந்துவிடும். பழைய நிரலை ஓடவைக்க வேண்டிய தேவைகூட இல்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பக்கங்களையும் லிப்ரே ஆபிஸ் 4.4 பதிப்பிலிருந்து திறக்க முடிகிறது. அடோபியின் இன்டிசைனோ சிஎஸ்6க்குப் பிந்தைய பதிப்புகளில் பேஜ்மேக்கர் கோப்புகளை ஏற்பதை விட்டுவிட்டது. லிப்ரே ஆபிஸில் பக்க அமைப்பு அங்கங்கே குலைந்து வரலாம், உரை கிடைத்துவிடும்.

தமிழ் உரையின் கதைதான் கடினமானது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வகுக்கும் குறியேற்றத்தை ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கெனத் தனியாக வைத்திருந்தது. பின்னர் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது. 1999இல் சென்னை மாநாட்டில் டாப், டாம் என்ற குறியேற்றங்களும் வந்தன. அந்தக் காலத்துத் தமிழ்க் கணினி முயற்சிகளில் மலேசியாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980களிலேயே இங்கிருந்து முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. அப்படி முன்னோடியாக இருந்த காரணத்தாலேயே ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் நம்மிடம் ஏராளமாகத் தேங்கியிருக்கின்றன: தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், திருக்குடமுழுக்கு மலர்கள், தோட்டத்து நினைவுக் கட்டுரைகள், இளைஞர் மணிமன்றக் கிளைகளின் கூட்டக் குறிப்புகள். இவற்றில் பல அச்சில் நூறு பிரதிகூட இல்லாதவை.

இந்தக் கோப்புகளைத் தேடிப்பிடித்து மாற்றும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். திஸ்கியில் 'கொ' என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று பதிவாகியிருக்கும். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்று இருக்க வேண்டும். ஆகவே, ஓர் எழுத்துக்கு இன்னோர் எழுத்து என்று தேடி மாற்றினால் உரை சிதைந்துவிடும். வரிசையையும் சேர்த்து மாற்றும் கருவி வேண்டும். லினக்ஸில் அந்தக் கருவி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பரவலாகப் பயன்படும் லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படையான ஜிலிப்சி நூலகத்தில், குறியேற்றங்களை மாற்றித்தரும் ஐகான்வ் என்ற கட்டளைக்குத் திஸ்கியும் தெரியும். பழைய சொற்செயலியை ஒயினில் திறந்து, உரையை எளிய உரைக்கோப்பாகச் சேமித்து, மூலம் திஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 (ஒருங்குறியைச் சேமிக்கும் வழக்கமான வடிவம்) என்று குறிப்பிட்டு ஐகான்வுக்குக் கொடுத்தால், கைப்பேசியிலும் படிக்கக்கூடிய ஒருங்குறித் தமிழ் வெளியே வந்துவிடும். கணினியைக் காப்பாற்ற லினக்ஸுக்கு மாறுவோருக்குத் தமிழைக் காப்பாற்றும் வழியும் அதே இடத்தில் கிடைப்பதை ஒரு பெரும் வாய்ப்பாகவே நான் கருதுகிறேன். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகமும் இதற்கு உதவும். கணினி பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள் அதைக் கொண்டு ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிக் கொடுக்க முடியும்.

நம் நாட்டின் பொதுத்துறைக்கே 2004ஆம் ஆண்டில் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அரசாங்க அளவில் எண்ணிப் பார்த்த வழியை நம் ஆலயங்களும் சங்கங்களும் எண்ணிப் பார்ப்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆகவே, பழைய கணினியை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் எண்ணத்தில் இருக்கும் நிர்வாகத்தினரிடம் நான் வேண்டுவது இதுதான்: வன்தட்டை அழிப்பதற்கு முன், அதில் உள்ள தமிழ் மென்பொருளின் நிறுவல் தட்டு, உரிம எண், எழுத்துருக் கோப்புகள், உரைக்கோப்புகள் ஆகிய நான்கையும் தவறாமல் நகலெடுத்து வையுங்கள். எழுத்துருக் கோப்பு இல்லாமல் உரைக்கோப்பு மட்டும் மிஞ்சினால், எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தது என்று கண்டுபிடிப்பது மிகவும் சிரமம்.

தனி நிறுவனங்களின் குறியேற்றங்களுக்கு ஐகான்வில் இடமில்லை. அவற்றுக்கு எழுத்து அட்டவணை ஒவ்வொன்றாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் இந்நாட்டில் நாள்தோறும் பக்கம் பக்கமாகத் தமிழைக் கணினியில் கோத்தவை நாளிதழ்கள்தாம். தங்கள் அலுவலகத்தின் பழைய கணினிகளிலோ பக்க வடிவமைப்புப் பிரிவின் பேழைகளிலோ அன்றைய எழுத்துருக்களின் அட்டவணைகள் எஞ்சியிருந்தால், உரிமத்துக்கு உட்பட்டு அவற்றை வெளியிடுவதற்குத் தாங்கள் முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய அட்டவணை ஒன்று கிடைத்தாலும், அதே எழுத்துருவைப் பயன்படுத்திய ஆலயங்கள், பள்ளிகள், அச்சகங்கள் அனைத்தின் கோப்புகளையும் அதைக் கொண்டே மீட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பில் உதவிவரும் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.